இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக

பள்ளியில் தமிழ்த் தேர்வு எழுதியவர்களுக்கு இந்தக் கேள்வி நினைவிருக்கும். ஒரு வரியைக் கொடுத்துவிட்டு ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்பார்கள். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னது என்று எழுதிவிட்டுத்தான் பொருளுக்கு வர வேண்டும். இடம் தவறினால், பொருளை எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் எங்கள் தமிழம்மா மதிப்பெண் போடமாட்டார்.

2006இல் என் அக்காவின் கல்யாணம் நடந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சபை. போதகர் ரூத் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். எங்கே போனாலும் கூடவே வருவதாகவும், செத்தாலும் அங்கேயே செத்து அடக்கம் பண்ணப்படுவதாகவும் ரூத் சொல்லும் அந்த உறுதிமொழியை வாசித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். “கணவனுக்கு மனைவி கொடுக்கவேண்டிய வாக்கு இதுதான்” என்றார். சபையில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். தேர்வில் இந்த வரி வந்திருந்தால் நான் இடம் சரியாக எழுதியிருப்பேன்: ரூத் தன் மாமியார் நகோமியிடம், மோவாபிலிருந்து யூதாவுக்குப் போகும் வழியில் சொன்னது. அந்தப் பாதையில் ஆண் ஒருவனும் இல்லை. புருஷன்மார் மூன்று பேரும் செத்துப்போன பிறகு, ஒரு விதவை இன்னொரு விதவையிடம் சொன்ன சொல் அது. இது எனக்கு அன்று தோன்றவில்லை. வேதத்தைத் தேர்வுத்தாள் போலப் படிக்கலாம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

ஏழு வருடம் கழித்து, 2013இல், மாமா செத்துப்போனார். சிப்காட்டில் ஒரு மில்லில் நைட் ஷிப்ட் முடித்து பைக்கில் வீட்டுக்கு வரும்போது நெடுஞ்சாலையில் லாரி மோதிவிட்டது. அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது, மகளுக்கு ஐந்து. துக்க வீட்டு ஜெபத்துக்கு வந்த போதகர் மறுபடியும் ரூத்தைத்தான் வாசித்தார். இந்த முறை கணவனை எடுத்துவிட்டு மாமியாரை வைத்தார். ரூத் மாமியாரை விடவில்லை, அதனால் கர்த்தர் அவளை ஆசீர்வதித்தார். ஓர்பாள் திரும்பிப் போனாள், அவளைப் பற்றி வேதம் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் பெயர் அழிந்தது என்றார். அக்கா மாமியார் வீட்டில் மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

இதில் பணமும் இருந்தது. மாமாவுக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தையும் 2010இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பணிக்கால விபத்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள். விதவைக்கு மாதாமாதம் சார்ந்தோர் பயன் என்று ஒரு தொகை வரும். அவள் மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். அக்கா எங்கே இருப்பாள், யாரோடு இருப்பாள் என்பதில் அந்த வீட்டுக்கு அக்கறை இருக்கக் காரணம் இருந்தது. அத்தை கெட்டவர் இல்லை. அவரும் விதவை, இருந்த ஒரு மகனும் போய்விட்டான்.

அன்று இரவு கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவும்போது அக்கா என்னிடம் கேட்டாள்: “ஓர்பா இன்னாடி ஆனா?”

“எழுதலைக்கா.”

“அவ மேல கர்த்தருக்குக் கோவம்னு எழுதியிருக்கா?”

நான் அப்போது எம்.ஏ. ஆங்கில இலக்கியம் கடைசி செமஸ்டர். கவிதையில் யார் பேசுகிறார், கதையில் கதைசொல்லி எதை மறைக்கிறான் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தவள். சிறுவயதிலிருந்து கேட்ட ஒரு புத்தகத்தைப் பற்றி அக்கா கேட்ட எளிய கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. “பாத்துச் சொல்றேன்” என்றேன்.

பார்க்கத் தொடங்கியபோதுதான், இப்படிப் பார்ப்பதற்கென்று ஒரு துறையே இருப்பது தெரிந்தது. பைபிளை ஆராய்ந்தவர்கள் நெடுங்காலம் கேட்டது, இதை யார் எழுதினார்கள், எந்தக் காலத்தில், எந்த மூலங்களை ஒட்டுப்போட்டு என்பதுதான். 1970களிலும் 80களிலும் கேள்வி மாறியது. கையில் இருக்கும் இந்தப் பிரதி ஒரு கதையாக எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள். இதற்கு முன்னோடி எரிக் அவுர்பாக். ஹிட்லரின் ஜெர்மனியில் வேலையை இழந்து இஸ்தான்புல்லில் இருந்தபடி அவர் எழுதிய ‘மிமேசிஸ்’ 1946இல் வந்தது. ஹோமர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைக்கிறார். ஆபிரகாம் மகனைப் பலியிடக் கூட்டிப்போகும் கதையோ மிகக் கொஞ்சம் சொல்லி மீதியை இருட்டில் விடுகிறது என்று அதில் காட்டினார். 1981இல் ராபர்ட் ஆல்டர் ‘விவிலிய எடுத்துரைப்பின் கலை’ பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பைபிள் கதைசொல்லி பாத்திரத்தின் மனதை விளக்கமாட்டான். பேச்சாலும் செயலாலும், திரும்பத் திரும்ப வரும் சொல்லாலும் காட்டுவான், தீர்ப்பைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்துக்கொள்வான் என்றார். அதற்கு முன்பே, 1978இல், ஃபிலிஸ் டிரிபிள் என்ற பெண் ஆதியாகமத்தையும் ரூத்தையும் பெண்ணியக் கண்ணோடு வரிவரியாகப் படித்திருந்தார்.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தமிழம்மா நினைவுக்கு வந்தார். அகப்பாடலை எடுத்தால் நாம் முதலில் கேட்பதே ‘இது யார் கூற்று’ என்றுதானே? தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா? என்ன துறை? வெறியாட்டுத் துறை என்று தெரிந்துவிட்டால் தாயும் வேலனும் வருவார்கள் என்று நமக்குத் தெரியும். வழக்கத்திலிருந்து புலவர் எங்கே விலகினார் என்பதும் தெரியும். ஆல்டர் பைபிளில் கண்டதும் இதே போன்ற துறைகளைத்தான். அந்நிய தேசத்துக்குப் போகும் ஆண், கிணற்றடியில் ஒரு பெண், யாரோ ஒருவர் தண்ணீர் மொண்டு கொடுப்பது, பெண் வீட்டுக்கு ஓடிச் செய்தி சொல்வது, கடைசியில் கல்யாணம். ரெபெக்காள், ராகேல், சிப்போராள் மூவர் கதையிலும் இது வருகிறது. ரூத்தில் இது தலைகீழ். அந்நிய தேசத்துக்கு வருவது பெண், தண்ணீர் மொண்டு வைத்திருப்பது வாலிபர்கள், குடிப்பது அவள். பழைய வழக்கம் தெரிந்த வாசகி இங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். தொல்காப்பியம் படித்த சமூகத்துக்கு இந்த வாசிப்பு அந்நியம் இல்லை. வேதத்துக்கு மட்டும் நாம் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அக்காவும் நானும் ரூத்தைப் படித்தோம். நான்கே அதிகாரம், எண்பத்தைந்து வசனம். பாதிக்கு மேல் பேச்சு. ஒவ்வொரு வரிக்கும் இடஞ்சுட்டினோம். எனக்கு எபிரெயு தெரியாது. எபிரெயு வரிக்குக் கீழே சொல்லுக்குச் சொல் ஆங்கிலம் அச்சிட்ட புத்தகம் ஒன்றும், ஒரு சொல் பைபிளில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் அகராதி ஒன்றும் நூலகத்திலிருந்து எடுத்துவந்திருந்தேன். திண்ணையில் ஆயா படுத்துக்கொண்டு கேட்பாள்.

ஆயா ஈக்காட்டுப் பக்கம் பிறந்தவள். திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் கௌடி என்ற வெஸ்லியன் மிஷனரி ஊழியம் செய்தார். எங்களைப் போன்ற சேரி ஜனங்கள் கிறிஸ்தவர்களானதும் எழுத்தைத் தொட்டதும் அப்படிப்பட்டவர்கள் நடத்திய பள்ளிகளில்தான். ஆயா படித்த ஒரே புத்தகம் வேதம். அதைத் தொட்டுக் கேள்வி கேட்பது அவளுக்குப் பயம். “வேதத்தைத் தோண்டாதீங்கடி” என்பாள். ஆனால் காதை மூடிக்கொள்ளமாட்டாள்.

முதல் அதிகாரத்திலேயே அக்காவின் கேள்விக்கு விடை இருந்தது. திரும்பிப் போகச் சொல்வது நகோமிதான். ஒருமுறை சொல்லி விடவில்லை; திரும்பத் திரும்பச் சொல்கிறாள். மருமகள்கள் இருவரும் செத்தவர்களுக்கும் தனக்கும் தயை செய்தார்கள் என்று வாழ்த்திவிட்டு அனுப்புகிறாள். அந்த வாழ்த்தில் ஓர்பாளும் இருக்கிறாள். எங்கே போகச் சொல்கிறாள்? தாய்வீட்டுக்கு. தமிழ்ப் பெண்ணுக்கு இந்தச் சொல் சாதாரணம். அதனால் கண்ணில் படாமல் போய்விடுகிறது. ஆதியாகமத்தில் யூதா தன் விதவை மருமகள் தாமாரை அனுப்புவது தகப்பன் வீட்டுக்கு. பைபிளில் வீடு என்றால் பெரும்பாலும் தகப்பன் வீடு. இங்கே ஒரு பெண் பேசுகிறாள். அவள் வாயில் அது தாய்வீடு ஆகிறது. ஓர்பாள் அழுகிறாள், மாமியாரை முத்தமிடுகிறாள், மாமியார் சொன்னபடியே போகிறாள். கதைசொல்லி அவளைத் திட்டவில்லை. கர்த்தர் அவளைத் தண்டித்ததாக ஒரு எழுத்து இல்லை.

“அப்போ சொன்ன பேச்சக் கேட்டவ அவதான்” என்றாள் அக்கா. “கேக்காதவ ரூத்து.”

தண்டனையெல்லாம் பின்னால் படித்தவர்கள் கொடுத்தது. தல்மூத், ஓர்பாளைக் கோலியாத்தின் தாய் ஆக்குகிறது. பழைய யூத விளக்கங்கள் அவள் பெயருக்குப் பிடரி என்று பொருள் சொல்லி, மாமியாருக்குப் பிடரியைக் காட்டியவள் என்றன. மாமியாரைப் பிரிந்த இரவே அவளைப் பல ஆண்கள் சீரழித்ததாகவும் கதை கட்டின. எங்கள் போதகர் கட்டியது அதன் பக்கத்தில் சின்னதுதான். வீட்டுக்குத் திரும்பிப் போன ஒரு பெண்ணைப் பற்றிப் பிரதி மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தை நிரப்ப எத்தனை பேர் ஓடி வருகிறார்கள் பாருங்கள். எதிர்ப்பக்கம் நின்று படித்தவர்களும் உண்டு. இலங்கையில் பிறந்த ஆர்.எஸ். சுகிர்தராஜா, காலனியாதிக்கத்துக்கு ஆளான மக்கள் பைபிளை எப்படிப் படிக்கிறார்கள் என்பதையே தன் ஆய்வாகக் கொண்டவர். 1999இல் அவர் தொகுத்த ஒரு நூலில் லாரா டொனால்ட்சன் என்ற செரோக்கி வம்சாவளிப் பெண் ஓர்பாளைப் பற்றி எழுதினார். தன் தாயின் வீட்டையும் தன் மக்களின் தெய்வங்களையும் விட்டுக்கொடுக்காத பெண்ணாக அவர் ஓர்பாளைக் காட்டினார். பூர்வகுடிப் பெண்களிடம் ரூத்தைப் போல எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று சொல்லப்பட்ட வரலாறு அவருக்குப் பின்னால் இருந்தது.

அதே அதிகாரத்தின் கடைசியில் இன்னொன்று. பெத்லெகேமுக்கு வந்து சேர்ந்ததும் ஊர்ப் பெண்களிடம் நகோமி, தான் நிறைவாய்ப் போனதாகவும் வெறுமையாய்த் திரும்பி வந்ததாகவும் சொல்கிறாள். ரூத் பக்கத்தில்தான் நிற்கிறாள். கதைசொல்லி விமர்சனம் எதுவும் செய்யாமல் அடுத்த வரியிலேயே ரூத் கூட வந்தாள் என்று மட்டும் எழுதுகிறான். அக்கா வெகுநேரம் பேசவில்லை. மாமா செத்த வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் அத்தை, “எனக்கு யாருமே இல்லியே” என்று அழுதபோது, அக்கா கையில் டீத் தட்டோடு அவர் பக்கத்தில் நின்றிருந்தாள்.

இரண்டாம் அதிகாரத்தை எங்களுக்கு விளக்கியது ஆயா. ரூத் வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கப் போகிறாள். ஏழைக்கும் அந்நியனுக்கும் வயலின் ஓரத்தை விட்டுவைக்க வேண்டும் என்பது லேவியராகமச் சட்டம். ஆயாவும் சின்ன வயதில் அறுப்பு முடிந்த வயலில் கதிர் பொறுக்கியவள். “பொம்பளைங்க அறுக்கற பக்கமே இருக்கணும். ஆம்பளைங்க கட்டு கட்டற பக்கம் போவக்கூடாது. எங்கம்மா சொல்லித்தான் அனுப்புவா” என்றாள். நான் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினேன். நகோமி ரூத்திடம் சொல்வதும் அதேதான்: அவனுடைய வேலைக்காரிகளோடே இரு, வேறு வயலில் உனக்குத் தொல்லை வரும். போவாஸ் தன் வேலைக்காரர்களிடம் இவளைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டதாகச் சொல்கிறான். கட்டளையிட வேண்டியிருந்தது என்றால் தொடுவது அங்கே வழக்கம் என்று அர்த்தம். ஞாயிறு பள்ளியில் இந்த வயலைப் படமாக வரைந்து வண்ணம் தீட்டியிருக்கிறோம். மஞ்சள் கதிர், நீல வானம், கையில் கூடையோடு ரூத். வேலை செய்யும் இடத்தில் தனியாக வந்த பெண்ணுக்கு என்ன நடக்கும் என்ற பயம் அந்தப் படத்தில் இல்லை, பிரதியில் இருந்தது.

எங்கள் ஊரில் இதைப் புரிந்துகொள்ள எபிரெயு தேவையில்லை. சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில்களில் பல கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் சிறிது தூரத்தில் ஆந்திர எல்லை. விடிகாலையில் அந்த ரயிலிலும் கம்பெனி வேனிலும் ஷிப்டுக்கு வரும் பெண்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் குடியிருப்பவர்களும் எல்லாம் கதிர் பொறுக்க வந்தவர்கள்தான். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஒருவரிடமும் “நீ யாரு” என்று கேட்கமாட்டார். “யாரு ஆளு? எந்தக் காண்ட்ராக்டர்?” என்பார். போவாஸ் முதல் தடவை ரூத்தைப் பார்த்ததும் மேற்பார்வையாளனிடம் கேட்பதும் இதுதான்: இந்தப் பெண் யாருடையவள்? மேற்பார்வையாளன் அவள் பெயரைச் சொல்வதில்லை. மோவாபியப் பெண் என்கிறான். மூன்றாம் அதிகாரத்தில், களத்தில், இருட்டில், அதே போவாஸ் அவளை நேராகக் கேட்கிறான்: நீ யார்? அவள் ரூத் என்று தன் பெயரைச் சொல்கிறாள். புத்தகம் முழுவதிலும் தன் பெயரை அவளே சொல்லும் ஒரே இடம் அதுதான். கூடவே அடியாள் என்றும் சொல்லிக்கொள்கிறாள். ‘யாருடையவள்’ என்பதிலிருந்து ‘யார்’ என்பது வரை வர ஒரு அதிகாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, அப்போதும் அடியாள்தான்.

களத்தில் போவாஸ் அவளைப் பாராட்டும்போது நம் பழைய மொழிபெயர்ப்பு அவளைக் குணசாலி என்கிறது. இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்த கிறிஸ்தவப் பெண் தமிழ்நாட்டில் இருக்கமாட்டாள். நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்து மனைவியும் குணசாலிதான். அன்னையர் தினத்தில் வரும், கல்யாணத்தில் வரும், சவ அடக்கத்திலும் வரும். குணசாலி என்றால் எங்களுக்கு அடக்கம், பொறுமை, விடியுமுன் எழுவது. அங்கே மூலத்தில் இருக்கும் எபிரெயுச் சொல் ஹயில். அதன் பொருள் வலிமை, ஆற்றல், செல்வம். படைக்கும் அதே சொல் வரும். அகராதியை வைத்துக்கொண்டு அது வேறு எங்கெல்லாம் வருகிறது என்று அக்காவோடு தேடினேன். கிதியோனைத் தூதன் அழைக்கும்போது அது பராக்கிரமசாலி. இதே ரூத் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் போவாஸை அறிமுகப்படுத்தும்போது அது ஆஸ்திக்காரன். போர்வீரனுக்குச் சொன்னால் பராக்கிரமம், நிலக்காரனுக்குச் சொன்னால் ஆஸ்தி, பெண்ணுக்குச் சொன்னால் குணம். ஒரே சொல்.

இது தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் மட்டும் செய்தது இல்லை. ஆங்கில கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இதே பாகுபாடுதான். தமிழில் பைபிள் வந்த வரலாற்றில் ரூத்துக்குத் தனி இடம் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715க்குள் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்தார், 1719இல் இறந்துவிட்டார். மீதியை பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். அதன் பிறகு பப்ரீசியுஸ், ரேனியுஸ், 1871இல் ஹென்றி பவர் குழு என்று ஆண்கள்தான் வரிசையாக. வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. மராத்தியில் பண்டித ரமாபாய் எபிரெயுவும் கிரேக்கமும் கற்றுக்கொண்டு, 1922இல் இறக்கும் வரை முழு பைபிளையும் தனியாளாக மொழிபெயர்த்தார். தமிழில் அந்த மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் ஹயிலுக்கு என்ன போட்டிருப்பாள் என்று யோசிப்பேன். ஆதியாகமத்தில் பெண்ணை ஆணுக்கு ஏற்ற ‘துணை’ என்கிறோம். அந்த இடத்தில் இருக்கும் ‘எசேர்’ என்ற சொல்லே 121ஆம் சங்கீதத்தில் கர்த்தரிடமிருந்து வரும் ‘ஒத்தாசை’ ஆகிறது. கடவுள் உதவினால் மேலிருந்து. பெண் உதவினால் பக்கத்திலிருந்து.

“பராக்கிரமசாலி ரூத்து” என்று அக்கா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். மாமா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால், வேதம் நம் பக்கம், பிரசங்கிகள்தான் கெடுத்தார்கள் என்று முடித்துவிடலாம். அது நேர்மை ஆகாது. திறனாய்வு என்று எடுத்துக்கொண்டால் நமக்குப் பிடிக்காததையும் பார்க்க வேண்டும். அறுப்பு முடிந்து ஆண்கள் குடித்துப் படுத்திருக்கும் களத்துக்கு, ரூத்தைக் குளித்து உடுத்தி எண்ணெய் பூசிக்கொண்டு இரவில் போகச் சொல்வது நகோமி. “ராத்திரியில அனுப்பிச்சாளா?” என்று அக்கா இரண்டுமுறை கேட்டாள். டிரிபிள் இந்தக் கதையை, ஆண்களின் உலகத்தில் இரண்டு பெண்கள் துணிந்து வழி தேடிக்கொண்ட கதையாகப் படித்தார். 1990இல் டானா ஃபெவலும் டேவிட் கன்னும் எழுதிய புத்தகம் நகோமியின் பாசத்தையும் போவாஸின் தாராளத்தையும் சந்தேகப்பட்டது. அக்கா இரண்டாவது கட்சி.

நான்காம் அதிகாரத்தில் ஊர்வாசலில் ஆண்கள் கூடி, நிலத்தையும் ரூத்தையும் ஒரே பேச்சில் பேசி முடிக்கிறார்கள். ரூத் அங்கே இல்லை. அவள் கடைசியாகப் பேசியது மூன்றாம் அதிகாரத்தின் முடிவில். அதன்பின் அவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. பிள்ளை பெறுகிறாள், அயல்வீட்டுப் பெண்கள் நகோமிக்கு ஆண்பிள்ளை பிறந்தது என்று சொல்லிப் பெயர் வைக்கிறார்கள். ஏழு மகன்களைவிட மேலானவள் என்று ரூத்தைப் பாராட்டுவதும் அந்தப் பெண்கள்தான். ஆனால் உச்சத்துக்கு அவர்களிடம் இருந்த அளவுகோலும் மகன்கள்தான். புத்தகம் பத்து ஆண்களின் பெயர்ப்பட்டியலோடு முடிகிறது. ஓர்பாள் முதல் அதிகாரத்தில் காணாமல் போனாள் என்றால், ரூத் தன் வீட்டுக்குள்ளேயே, தன் பிள்ளை பிறந்த அன்றே காணாமல் போகிறாள். போதகர் ஒருத்தியின் மறைவை மட்டும்தான் பிரசங்கித்தார்.

இப்படிப் படித்தால் விசுவாசம் என்ன ஆகும் என்று என் மாணவிகள் கேட்பார்கள். ஆயாவின் பயமும் அதுதான். பாமா 1992இல் ‘கருக்கு’ எழுதியபோது, பனைமட்டையின் கருக்கையும் வேதம் பேசும் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தையும் அந்தத் தலைப்பில் சேர்த்துப் பிடித்தார். சபை கொடுத்த சொல்லை எடுத்துத்தான் சபையையும் கேட்டார். சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு கற்பித்த மோனிகா மெலாங்டன், தலித் பெண்களின் வாழ்விலிருந்து பைபிளை வாசிப்பதைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். இவர்கள் வேதத்தைத் தூக்கி எறியவில்லை. என்னளவில் சொல்ல முடிந்தது இதுதான்: எங்கள் ஆயாவுக்கு எழுத்துக் கொடுத்தவர்கள் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், அர்த்தத்தை மட்டும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஒரு வரியைக் காட்டி யார் சொன்னது, யாரிடம் என்று கேட்கும்போது, மிச்சமிருந்த பாடத்தை நாங்கள் படிக்கிறோம்.

அக்கா மாமியார் வீட்டில் மூன்று வருடம் இருந்தாள். ரூத்தைப் படித்ததால் அவள் கிளம்பினாள் என்று நான் சொல்லமாட்டேன். நாங்கள் படித்து முடித்து வெகுநாள் கழித்துத்தான் கிளம்பினாள். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. மகளைப் பெரிய பள்ளியில் சேர்க்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், அத்தைக்கு அதில் சம்மதமில்லை. படிப்பு செய்தது ஒன்றுதான். கிளம்பும்போது தான் பாவம் செய்வதாக அவள் நினைக்கவில்லை. 2016இல் பள்ளி திறக்கும் முன் ஒரு சனிக்கிழமை இரண்டு பையும் மகளுமாக எங்கள் அம்மா வீட்டுக்கு வந்தாள். வாசலில் அத்தை அழுதாராம், இவளும் அழுதாளாம். இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிறாள். மாதம் ஒருமுறை மகளைக் கூட்டிக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போவாள். சில மாதம் அத்தை பேசுவார், சில மாதம் பேசமாட்டார்.

போன வருடம் எங்கள் சபையில் பெண்கள் கூடுகைக்கு ரூத் பாடம் வந்தது. பேச வந்த அம்மா, ஓர்பாள் உலகத்தை நேசித்துப் பின்வாங்கியவள் என்று சொன்னார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்துவிட்டாள். கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“அது எந்த வசனத்துலம்மா இருக்கு?” என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். “காட்டுனீங்கன்னா நாங்களும் படிச்சுப்போம்.”

அந்த அம்மா தன் பைபிளைப் பார்த்தார். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லாப் பெண்களும் தங்கள் பைபிளைத் திறந்து முதல் அதிகாரத்தில் தேடத் தொடங்கினார்கள். ஆயா கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தாள். என் தொடையில் தட்டி, “எனக்குப் படிச்சுக் காட்டுடி” என்றாள்.